ஏழு வினாடிப் பலகை

முதல் பாடத்தில் ஓட்டச் சொல்லவில்லை.
படுத்துக் கிடந்த வண்டியைக் காட்டி
"தூக்குங்கள்" என்றான் கசாய்.
இருபத்தாறு வயதிருக்கும்.
என் மகனாயிருந்தால்
முடிவெட்டிக்கொண்டு வா என்றிருப்பேன்.

இருநூறு கிலோ.
வருடக் கடைசி விருந்து முடிந்து
வாசலில் சரிந்து கிடக்கும் தெத்சுவோவைத் தூக்குகிற மாதிரி
இடுப்பை ஒட்டவைத்து, முதுகை நம்பாமல்,
கால்களால் எழுந்தேன்.
இருபத்தெட்டு வருடப் பயிற்சி.
நின்றுவிட்டது வண்டி.
கல்லூரிப் பையன்கள் கை தட்டினார்கள்.
அங்கே எனக்குக் கிடைக்கப்போகும்
ஒரே கைத்தட்டல் அதுதான் என்று
அப்போது தெரியாது.

பள்ளிக்கூடச் சமையலறையில்
அறுநூறு பிள்ளைகளுக்கு மிசோ சூப் வைக்கிறவள் நான்.
கொதித்தால் மணம் போய்விடும்.
கொதிக்கும் கொஞ்சம் முன்னால்
அண்டா முனகும் ஓர் இடம் உண்டு,
நெருப்பை அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும்.
அரை கிளட்ச் என்பதும் அந்த முனகல்தான் என்று
மூன்றாம் வாரம் கண்டுபிடித்தேன்.
கசாயிடம் சொன்னேன்.
சிரிப்பான் என்று பார்த்தால்
சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து
எழுதிக்கொண்டான்.

"வாங்கி எங்கே போகப் போகிறாய்?"
தெத்சுவோ கேட்டார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
மீன் சந்தைக்கு பஸ் இருக்கிறது.
அக்கா வீட்டுக்கு ரயில் இருக்கிறது.
ஹச்சினோஹேயில் நவம்பரில் பனி விழுந்தால்
ஏப்ரல் வரை வண்டி கொட்டகையில்தான்.
எல்லாம் சரி.
முள்ளங்கியை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.
தேவைக்கு மேலே கொஞ்சம் நறுக்கிவிட்டேன்.

பிறகு வந்தது பலகைப் பாலம்.
பதினைந்து மீட்டர் நீளம், ஒரு முழம்கூட இல்லாத அகலம்,
நிறுத்திவைத்த தீப்பெட்டி உயரம்.
விழுந்தால் அடிபடாது.
தேர்வு போய்விடும், அவ்வளவுதான்.
விதிதான் தலைகீழ்:
ஏழு வினாடிக்குள் கடந்துவிட்டால்
மதிப்பெண்ணில் வெட்டு.
பதினொன்றரை மணிக்குள் சோறு, பன்னிரண்டுக்குள் தட்டு,
ஒன்றேகாலுக்குள் அண்டா கழுவிக் கவிழ்த்தாக வேண்டும் என்று
ஓடிப் பழகிய உடம்பு இது.
தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் நல்லது என்று
ஐம்பத்திரண்டு வருடத்தில்
யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நாலாவது மீட்டரில் விழுந்தேன்.
ஒன்பதாவதில் விழுந்தேன்.
ஒருமுறை பாலத்தில் ஏறவேயில்லை,
பக்கத்திலேயே கம்பீரமாகப் போய்
மறுமுனையில் நின்றேன்.

"சக்கரத்தைப் பார்க்காதீர்கள்.
கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும்."
வேறெங்கே பார்க்க என்றேன்.
அவனும் சுற்றிப் பார்த்தான்.
மதிலுக்கு அந்தப் பக்கம்
குளிர்பான இயந்திரத்தின் தலையில்
ஒரு கடற்காக்கை.
"அதைப் பாருங்கள்."
பறந்துவிட்டால்?
"பறக்காது. மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது."

தேர்வு நாளில் அது இல்லை.

அது உட்காரும் இடத்தைப் பார்த்தேன்.
எச்சம் காய்ந்த வெள்ளையைப் பார்த்தேன்.
அண்டா முனகியது.
ஆறு புள்ளி நான்கு வினாடி.
ஐந்து மதிப்பெண் போனது,
பாலத்திலிருந்து நான் போகவில்லை.

சொந்த வண்டியில் முதல் ஞாயிறு,
துறைமுகச் சாலை, முதல் சிக்னல்.
பச்சை.
இன்ஜின் அணைந்தது.
மறுபடி. மறுபடியும் அணைந்தது.
பின்னால் கணவாய்ப் பெட்டிகள் ஏற்றிய லாரி,
அதன் பின்னால் ஒரு வரிசை.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.
இந்த ஊரில் அடிக்க மாட்டார்கள்.
அடித்திருந்தால்
கொஞ்சம் நன்றாயிருந்திருக்கும்.

மூன்றாவது முறை உயிர் வந்தது,
சிவப்பும் வந்தது.
திரும்பித் தலை குனிந்தேன்,
ஹெல்மெட்டின் கனம்
நினைத்ததைவிட அதிகமாகவே குனியவைத்தது.
லாரிக்காரரும் குனிந்தார்.
ஐஸ் உருகிப் பெட்டிகளிலிருந்து
சாலையில் சொட்டிக்கொண்டிருந்தது.
எண்ண ஆரம்பித்தேன்:
ஒன்று,
இரண்டு.